மெக்கானிக்கல்ல சேர்ந்தாச்சு... இப்போ இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்குக்கு மாறலாமா?

காலை ஏழரை மணிக்குக் கீழ்க்கட்டளை பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். கழுத்தில் ஐடி கார்டு தொங்காத இளைஞரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல்லாவரம் போய் ரயில் பிடிக்கிறவர்கள், 200 அடி ரேடியல் ரோட்டோரம் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், மெட்ரோ வேலையால் சுருங்கிப்போன மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஊர்ந்து வரும் மாநகரப் பேருந்தை எட்டி எட்டிப் பார்க்கிறவர்கள். பாதிப் பேர் இன்ஜினீயரிங் மாணவர்கள்.

அவர்களில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மெக்கானிக்கல் முதலாம் ஆண்டு. முதல் செமஸ்டர் முடிந்துவிட்டது. சீனியர் ஒருவர் போகிற போக்கில் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது: "மெக் படிச்சு என்னடா பண்ணப் போற? இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்குக்கு மாறிடு. ஃபேக்டரியும் போகலாம், ஐடியும் போகலாம்." வீட்டில் சொன்னால் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். "சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலையேப்பா. அந்தக் கோர்ஸ் பேரையே நான் கேள்விப்பட்டதில்லையே. லோன் வேற போட்டிருக்கோம்."

அப்பாவின் கவலையும் நியாயம்தான், பையனின் ஆசையும் நியாயம்தான். ஆனால் இருவரும் தவறான கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். "மாறலாமா, வேண்டாமா" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: மாறுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? மாறாமலேயே அதே படிப்பைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதற்குப் பதில் பெரியது.

அப்படின்னா என்ன படிப்பு அது?

பெயரில் 'இண்டஸ்ட்ரியல்' இருப்பதால் பெரிய மெஷின், புகைபோக்கி, ஹெல்மெட் என்றுதான் மனம் போகும். அதைவிட ஒரு தோசைக்கடை நல்ல உதாரணம்.

ஒரு கல்லில் ஒரே நேரத்தில் 4 தோசை ஊற்றலாம், ஒரு ஈடுக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 தோசை. இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை மணிக்கு 100 தோசை ஆர்டர் வருகிறது. ஒவ்வொரு மணி நேரமும் 20 தோசை பாக்கி விழும். 9 மணிக்கு 40 தோசை நிலுவை. அந்த நேரத்தில் வந்து உட்காரும் ஆளுக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தட்டு வரும். முதலாளி என்ன செய்வார்? சப்ளையர் போதவில்லை என்று இன்னும் இரண்டு பேரை வேலைக்குச் சேர்ப்பார். சம்பளம் கூடும், ஒரு தோசைகூடக் கூடாது. ஏனென்றால் நெருக்கடி கல்லில் இருக்கிறது, ஆளில் இல்லை. இன்னொரு கல் போடலாம். அதற்கு இடம் இல்லையென்றால், கூட்ட நேரத்தில் அதிக நேரம் பிடிக்கும் நெய் ரோஸ்ட்டை நிறுத்தி வைக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடித்து, கணக்குப் போட்டு, அதை மட்டும் சரிசெய்வது. இதுதான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங். மெஷினை வடிவமைப்பவர் மெக்கானிக்கல் இன்ஜினீயர் என்றால், மெஷின், ஆள், சரக்கு, நேரம், தகவல் எல்லாம் சேர்ந்து ஓடுகிற விதத்தை வடிவமைப்பவர் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயர். வரிசையில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள், ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்ற இரண்டுக்கும் இடையே உள்ள எளிய உறவை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் கணித ரீதியாக நிரூபித்தார். இன்று 'லிட்டில்'ஸ் லா' என்ற பெயரில் மருத்துவமனை ஓபி முதல் சர்வர் கம்ப்யூட்டர் வரை அதுதான் அடிப்படை.

தென் சென்னைவாசிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கட்டடம் பிரமாண்டம். ஆனால் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. திருச்சியிலிருந்து விடியற்காலை வந்து இறங்கியவர் மூட்டை முடிச்சோடு ஊரப்பாக்கத்துக்கோ தாம்பரத்துக்கோ இன்னொரு வண்டி தேட வேண்டியிருந்தது. கட்டடத்தை சிவில் இன்ஜினீயர் சரியாகவே கட்டியிருக்கிறார். பயணி வீடு போய்ச் சேரும் முழு வழியையும் ஒரே அமைப்பாகப் பார்ப்பது வேறு வேலை. அந்த வேலைக்கான படிப்புதான் இது.

அதே பார்வை வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை சாட்சி. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு மேஜையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயார். டாக்டர் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்கலாம். தயார்ப்படுத்துவது, கட்டுப்போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேலை. டாக்டரின் நேரம்தான் அங்கே தோசைக்கல். அதை ஒரு நிமிடம்கூடச் சும்மா விடாததால்தான் கட்டணம் கட்டுகிறவர்களோடு சேர்த்து ஏராளமான ஏழைகளுக்கு இலவசமாகவும் கண்புரை சிகிச்சை செய்ய முடிந்தது. மெக்டொனால்ட்ஸ் கடைகள் இயங்கும் விதத்தைப் பார்த்து வியந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கவனிக்க வேண்டிய விஷயம், அவர் கண் மருத்துவர். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் டிகிரி அவரிடம் இல்லை.

நம்ம பக்கம் வேலை இருக்கா?

இருக்கிறது. இந்தப் படிப்புக்கு இந்தியாவில் பொருத்தமான ஊர்களைச் சொல்லச் சொன்னால் சென்னை முதல் சிலவற்றுக்குள் வந்துவிடும்.

பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. தரத்துக்கும் உற்பத்தி முறைக்கும் உலக அளவில் பெரிய அங்கீகாரம் டெமிங் பரிசு. அதன் பிறகு டிவிஎஸ் மோட்டார், ரானே குழும நிறுவனங்கள் என்று சென்னையைச் சேர்ந்தவை வரிசையாக வாங்கின. இங்கே ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 'லைன் பேலன்சிங்', 'கைசன்' எல்லாம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வாயில் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தைகளாக இருப்பதற்குக் காரணம் இந்த வரலாறு.

தாம்பரத்தில் 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம் மெப்ஸ், தெற்கே மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். கீழ்க்கட்டளையிலிருந்து பார்த்தால் எல்லாமே தினமும் போய்வரும் தூரத்துக்குள். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது. அந்த ஐபோன் கம்பெனிக்கு 2011-ல் சிஇஓ ஆன டிம் குக் என்ன படித்தார் தெரியுமா? ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங், 1982. ஆப்பிளில் 1998-ல் சேர்ந்ததும் அவர் முதலில் கை வைத்தது புதுப் பொருள் எதிலும் இல்லை. கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சரக்கில்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே கிளம்ப வேண்டாம். இரண்டு கசப்பான விஷயங்களையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, தொழிற்சாலை நிரந்தரம் இல்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2022-ல் உற்பத்தி நின்றது. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக மீண்டும் அந்த ஆலையைப் பயன்படுத்தப் போவதாக ஃபோர்டு சொன்னது. இந்தக் கதையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. ஆலை மூடிக் கிடந்த காலத்திலும் அதே ஃபோர்டின் உலகளாவிய வணிகப் பணிகள் தமிழ்நாட்டில் நடந்துகொண்டேதான் இருந்தன. சோழிங்கநல்லூர் அலுவலகம் அதில் முக்கியமானது. 2024 அறிவிப்பின்போது அந்தப் பணிகளில் சுமார் 12,000 பேர் இருப்பதாகவும், அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னும் 2,500 முதல் 3,000 பேரைச் சேர்க்கப் போவதாகவும் நிறுவனம் கூறியது. மெஷினோடு நின்ற வேலை போனது, கணக்கோடும் தகவலோடும் இருந்த வேலை நின்றது. சீனியர் சொன்ன "ஃபேக்டரியும் போகலாம், ஐடியும் போகலாம்" என்பதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. சப்ளை செயின் அனலிட்டிக்ஸ், டிமாண்ட் பிளானிங் என்ற பெயர்களில் ஓஎம்ஆர் அலுவலகங்களில் நடக்கும் வேலையின் வேர் இந்தப் படிப்பில்தான்.

இரண்டாவது விஷயத்தைக் கல்லூரி பிரசுரங்கள் சொல்வதில்லை. இந்தத் தொழில் பிறந்ததே கையில் ஸ்டாப் வாட்சோடு. ஃபிரடெரிக் டெய்லர் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் குறித்ததில் தொடங்கியது. 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்சாலையில் அந்த ஸ்டாப் வாட்சை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் ராணுவத் தொழிற்சாலைகளில் டைம் ஸ்டடிக்கு அந்நாட்டு நாடாளுமன்றமே தடை போட்டது. இன்றும் திருப்பூரிலோ மெப்ஸிலோ ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் 'ஐஇ' என்றால் தையல்காரப் பெண்ணின் பின்னால் நின்று நேரம் பார்க்கும் ஆள் என்றுதான் பொருள். ஒரு சட்டைக் காலருக்கு இத்தனை விநாடி என்று அவர் எழுதுவதுதான் நாளைய டார்கெட். அந்தப் பெண் அவரை எப்படிப் பார்ப்பார் என்று ஊகிக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூரிலேயே இரண்டு சம்பவங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானதைத் தொடர்ந்து பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை நின்றது. எந்த உதிரிபாகமும் தீர்ந்து போகவில்லை, ஆனாலும் லைன் நின்றது. விடுதிச் சமையலறையும் சப்ளை செயினின் ஒரு கண்ணிதான் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2024 செப்டம்பர் - அக்டோபரில் சாம்சங் ஆலையில் ஊதியம், வேலை நிலைமை, தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தது. மனிதர்களை விநாடிகளாக மட்டும் பார்க்கும் இன்ஜினீயரிடம் இந்த இரண்டுக்கும் பதில் இருக்காது. மனிதர்களோடு பேசப் பிடிக்காதவர், ஷாப் ஃப்ளோரில் பத்து பேரிடம் திட்டு வாங்கத் தயாராக இல்லாதவர், இந்தப் படிப்பைத் தொடுவதற்கு முன் யோசிப்பது நல்லது.

சரி, மாறுவதற்கு சீட் எங்கே?

இங்கேதான் பலரின் திட்டம் முட்டுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் பி.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் என்ற பெயரில் இளநிலைப் படிப்பு உள்ள இடங்கள் மிகச் சில. அதில் எல்லோருக்கும் தெரிந்தது கிண்டி பொறியியல் கல்லூரி. சிஎஸ்இ, இசிஇ அளவுக்கு அங்கே கட்-ஆஃப் ஏறாது. ஆனாலும் கிண்டி கிண்டிதான், குறைவாகவும் இருக்காது.

நெருங்கிய சொந்தம் என்று சொல்லத்தக்கது புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங். குரோம்பேட்டை எம்ஐடியில் இருக்கிறது, கீழ்க்கட்டளைக்குப் பக்கத்திலேயே. திருச்சி என்ஐடியில் இருக்கிறது, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே கரக்பூர் ஐஐடியில் இண்டஸ்ட்ரியல் துறை பழமையானது. பெங்களூரில் ஆர்வி, எம்.எஸ்.ராமையா போன்ற கல்லூரிகளில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் அண்ட் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் உண்டு.

அமெரிக்காவில் 'மேஜர்' மாற்றுவது மாணவர் வாழ்வில் சகஜமான விஷயம். இணையத்தில் படிக்கும் பெரும்பாலான ஆலோசனைகள் அந்த ஊருக்கானவை. முதலாண்டு முடித்து, ஒரு படிவம் நிரப்பி, இண்டஸ்ட்ரியலுக்குப் போய்விடலாம். இங்கே இன்ஜினீயரிங் சீட் என்பது கல்லூரி, கிளை இரண்டும் சேர்த்துக் கவுன்சலிங்கில் ஒதுக்கப்படுவது. சேர்ந்த பிறகு கிளை மாற, முதலில் அதே கல்லூரியில் அந்தக் கிளை இருக்க வேண்டும், அதில் காலி இடம் இருக்க வேண்டும், கல்லூரியின் விதியும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். கல்லூரியே மாறுவதென்றால் இரண்டு கல்லூரிகளின் சம்மதமும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும். முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துக் கிளை மாற்றம் தருவதில் பெயர்பெற்ற ஐஐடிகளிலேயே சில அந்த வசதியை நிறுத்திவிட்டன. அந்த ஒரு வாய்ப்புக்காக முதலாண்டு முழுவதும் மாணவர்கள் மன அழுத்தத்தில் தவிக்கிறார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு வழி, படிப்பை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு மறுபடியும் டிஎன்இஏ கவுன்சலிங்கில் கலந்துகொள்வது. பிளஸ் டூ மதிப்பெண் மாறாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்ற அதே 200-தான். போன வருடம் கிண்டி கிடைக்காத மதிப்பெண்ணுக்கு இந்த வருடம் கிடைக்கும் என்று நம்ப என்ன ஆதாரம்? அதற்கு விலை ஒரு முழு ஆண்டு, ஒரு ஆண்டுக் கட்டணம். முதல் பட்டதாரி சலுகையில் படிக்கிறவர், கல்விக் கடன் வாங்கியவர் என்றால் கூடுதல் சிக்கல். சலுகையும் கடனும் நீங்கள் சேர்ந்த படிப்பை வைத்து அனுமதிக்கப்பட்டவை. மாறினால் தொடருமா என்று கல்லூரி அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்ற வாய் வார்த்தை எதற்கும் உதவாது. சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. விதியைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதும் ஒரு வேலைதான் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. உங்கள் கல்லூரியிலேயே இண்டஸ்ட்ரியல் அல்லது புரொடக்‌ஷன் இருக்கிறது, காலி இடமும் இருக்கிறது, நீங்கள் இன்னும் முதலாண்டில்தான் இருக்கிறீர்கள் என்றால், மாறுவதில் பெரிய இழப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் எல்லாக் கிளைக்கும் பொது. கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் எல்லாம் அப்படியே கூட வரும். மூன்றாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது என்றால், அல்லது ஒரு ஆண்டை இழந்துதான் போக வேண்டும் என்றால், மாறாதீர்கள். அந்த ஒரு ஆண்டுக்கு ஈடாக இந்தப் பெயர் எதையும் தராது.

டிகிரி பெயருக்கு மதிப்பே இல்லையா?

சில இடங்களில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அங்கே அது இண்டஸ்ட்ரியலுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. பொதுத்துறை நிறுவன வேலை அறிவிப்புகளில் சிலவற்றில் "மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், இண்டஸ்ட்ரியல்" என்று மூன்றையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். சிலவற்றில் மெக்கானிக்கல் மட்டும்தான் இருக்கும். யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என்ற நான்கு பிரிவுகளில்தான் நடக்கிறது. இண்டஸ்ட்ரியல் படித்தவர் எழுதினாலும் தெர்மோடைனமிக்ஸ் உட்பட மெக்கானிக்கல் தாளைத்தான் எழுத வேண்டும். கேட் தேர்வில் 'புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்' என்று தனித் தாள் இருப்பது ஆறுதல். அரசு வேலை என்பது வீட்டின் கனவாக இருந்தால், மாறும் முன் கடந்த மூன்று ஆண்டு அறிவிப்புகளை எடுத்துத் தகுதிப் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தனியார் துறையில் நிலைமை வேறு. இண்டஸ்ட்ரியல் என்ற பெயரில் ஆள் தேடும் கம்பெனிகளே மெக்கானிக்கல் பட்டதாரிகளையும் எடுக்கின்றன. இந்த மாநிலத்தில் இண்டஸ்ட்ரியல் பட்டதாரிகள் அவ்வளவு குறைவு, வேறு வழியில்லை. நேர்காணலில் அவர்கள் பார்ப்பது, ஒரு லைனில் முட்டுவது எங்கே என்று கணக்கோடு சொல்லத் தெரிகிறதா என்பதை.

மாறாமலே கற்றுக்கொள்வது எப்படி?

அதே 2021 ஒழுங்குமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் 'மைனர்' வாங்க இடமிருக்கிறது. பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ் அதில் ஒரு பிரிவு. மெக்கானிக்கல் பி.இ. என்ற பெயரும் போகாது, இந்தப் பக்கமும் கால் வைத்தது போல இருக்கும். உங்கள் கல்லூரி அதை நடத்துகிறதா என்று துறைத் தலைவரிடம் கேட்க வேண்டும்.

பாடத்துக்கு என்பிடெல் இருக்கிறது. சென்னை ஐஐடி பேராசிரியர் ஜி.சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கரும்பலகையில் நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போவார். நாடு முழுக்க எத்தனையோ மாணவர்கள் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் அவரைத்தான் நம்புகிறார்கள்.

பட்ட மேற்படிப்பில்தான் கதவு அகலமாகத் திறக்கிறது. கிண்டியில் எம்.இ. இண்டஸ்ட்ரியல் இருக்கிறது, மெக்கானிக்கல் முடித்தவரும் சேரலாம். கேட் மதிப்பெண் அல்லது 2023-ல் அறிமுகமான சீட்டா-பிஜி தேர்வு மூலம் போகலாம். மும்பையில் 1963-ல் இந்தத் துறைக்காகவே தொடங்கப்பட்டு நிட்டி என்ற பெயரில் பல பத்தாண்டுகள் இயங்கிய நிறுவனம் 2023-ல் ஐஐஎம் மும்பையாக மாறியிருக்கிறது. ஆபரேஷன்ஸ், சப்ளை செயினுக்கென்றே அங்கே தனி எம்பிஏ உண்டு, கேட் (சிஏடி) தேர்வு எழுதிப் போக வேண்டும். அதற்கு எந்த இன்ஜினீயரிங் கிளையும் தடையில்லை.

பாதியில் மாறுவதைவிட முடித்துவிட்டு மாறுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டத்தை முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது இன்ஜினீயரிங் என்று குரோம்பேட்டை எம்ஐடிக்கு வந்து ஏரோநாட்டிக்கல் சேர்ந்தார்.

எதிலிருந்து ஓடுறோம்?

மாற நினைக்கும் பலருக்கு இண்டஸ்ட்ரியல் பிடித்திருப்பதைவிட மெக்கானிக்கல் பிடிக்காமல் போனதுதான் அதிகம். அதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கிளையில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. நல்ல தரத்தில் இருக்கும் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சார்ந்த சீட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன. பக்கத்து பிளாக்கில் ஏ, பி, சி, டி என்று செக்‌ஷன் நீள, மெக்கானிக்கல் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தால் யாருக்குத்தான் பயம் வராது? அந்தப் பயத்துக்கு மருந்து இண்டஸ்ட்ரியல் இல்லை.

கணக்கு வராது என்று ஓடி வருகிறவர்களுக்கு இது இன்னும் மோசமான இடம். 'மேனேஜ்மென்ட் மாதிரி, ஈஸி' என்ற பேச்சை நம்பி வந்தால் நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் புரோகிராமிங் என்று எல்லாமே கணக்குத்தான். கோடிங்கிலிருந்து தப்பிக்கவும் வழியில்லை, எக்செல், எஸ்க்யூஎல், பைத்தான் இல்லாமல் இன்று இந்த வேலையில் நுழைய முடியாது. மெக்கானிக்கலில் தெர்மோ, ஃப்ளூயிட்ஸ் பிடிக்கவில்லை, ஆனால் கணக்கும் மனிதர்களும் பிடிக்கும் என்பவருக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

தெரிந்துகொள்ள நான்கு வாரமும் ஒரு நோட்டும் போதும். சீனிவாசனின் முதல் பத்து வகுப்புகளைப் பாருங்கள், கணக்குகளை நீங்களே போடுங்கள். கூடவே தினமும் ஒரே நேரத்தில் ஒரு வரிசையை எண்ணுங்கள். கேன்டீன், ரேஷன் கடை, கீழ்க்கட்டளையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் கூட்டம், எதுவானாலும் சரி. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள், எங்கே முட்டியது. நான்காவது வாரமும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டலாம். காலி இடம் இருந்தால் விண்ணப்பிப்பதற்கான கடைசித் தேதியை அலுவலகத்தில் கேளுங்கள். காலி இடம் இல்லையென்றால் நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரகடம் போகும்போது கையில் எடுத்துப் போக அது உதவும்.